பக்கத்து இருக்கையில் நாற்பதாயிரம் பேர்

தொண்டு என்பது கையால் செய்கிற வேலை என்ற நெடுங்கால மூடநம்பிக்கை, அமெரிக்காவின் டுலூத் நகரத்தில், செப்டம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில், காபியும் ஆப்பிள் கேக்கும் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒழிந்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் தொண்டு காதால் செய்யப்படுகிறது. இந்த மாபெரும் முன்னேற்றத்தில் மார்லிஸ் எங்கெப்ரெட்சனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. வரலாறு படைத்தவர்களின் அடக்கம் அப்படி. ஆகவே நாம் பேசுவோம்.

அந்த நிலவறையில் இயங்கிவந்தது மலைச்சரிவு சவாரிச் சங்கம். டுலூத்தில் தெருக்கள் ஏரிக்குள் விழப்போகிற மாதிரிதான் இறங்கும். அவற்றின் மேல் பனி உறைந்துவிட்டால், எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டு வாசற்படியே எல்லைக்கோடு. ஆனால் பழுதான சிறுநீரகமும் மங்கிய கண்ணும் கோடை வரட்டும் என்று பொறுத்திருப்பதில்லை. எனவே கார் வைத்திருந்த நல்ல மனிதர்கள் இருபத்து மூன்று பேர், கார் ஓட்ட முடியாத முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், திரும்பவும் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சங்கம் செய்த வேலை அவ்வளவுதான்.

இந்த இருபத்து மூன்று பேரையும் ஓட்டியவள் மார்லிஸ். வயது அறுபத்தொன்று. பத்தொன்பது வருடங்களாக அவளிடம் இருந்தவை ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, சுவரில் குண்டூசி குத்திய ஓர் அட்டவணை. அவள் யாரையும் 'முடியுமா?' என்று கேட்டதில்லை. "நாளைக்கு ஒம்பது மணிக்கு அர்விட் லாஹ்டிய கூட்டிட்டுப் போறே. முன் சீட்ட நல்லா பின்னால தள்ளி வை, அவருக்கு முட்டி மடங்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். மறுமுனையில் இருந்தவர் மறுப்பதற்குச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே காரில் ஏறி உட்கார்ந்திருப்பார். பார்ப்பதற்குக் கொஞ்சமும் நவீனமில்லாத முறை. அதில் இருந்த ஒரே குறை, அது வேலை செய்தது.

புதிய இயக்குநர் கார்வின் ஸ்டேலிக்கு இது பொறுக்கவில்லை. சிகாகோவில் மூன்று நாள் மாநாட்டுக்குப் போய்வந்த அவர், கழுத்தில் மாட்டிய பெயரட்டையை ஒரு வாரமாகக் கழற்றவில்லை. மாநாட்டில் கண்டெடுத்த டாம்சின் ப்ரூயிட் அம்மையாரையும் கையோடு அழைத்து வந்திருந்தார். அம்மையார் மினியாபொலிசில் 'ஆதரவாளர் ஈடுபாட்டு ஆலோசகர்'. ஆதரவாளர்கள் எங்கே ஈடுபாடில்லாமல் சும்மா வேலை செய்துகொண்டிருக்கிறார்களோ, அங்கே போய் அதைச் சரிசெய்வது அவருடைய தொழில்.

"முதல்ல ஒரு கேள்வி," என்றார் அம்மையார். "உங்க ஆதரவாளர்கள் ஒரு நாளைக்கு எத்தன நிமிஷம் உங்களோட உறவுல இருக்காங்க?"

"யாரு ஆதரவாளர்கள்?" என்றாள் மார்லிஸ்.

"வண்டி ஓட்டறவங்க."

"அவங்க டிரைவருங்க."

"அது பழைய பேருங்க. டிரைவர்னு சொன்னா, அவங்க வண்டி ஓட்டணும்னு ஆயிடுது பாருங்க. ஒரு மனுஷன ஒரு சின்ன வட்டத்துக்குள்ள அடைக்கிற சொல் அது. சரி, நீங்க போன் பண்ணும்போது அவங்க என்ன உணர்றாங்க?"

மார்லிஸ் நேர்மையாக யோசித்தாள். "சில பேர் குளிச்சிட்டு இருப்பாங்க."

கார்வின் எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு காரை வரைந்தார். "இதுக்குள்ள ஒரு நோயாளி. அவர் தன்னோட வாழ்க்கைக் கதைய சொல்றார். அதக் கேக்கறது யாரு? ஒரே ஒரு டிரைவர்! எவ்வளவு பெரிய விரயம்! அதே கதைய நாலாயிரம் பேர் கேட்டா?"

"நாலாயிரம் பேர் கேட்டா அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துடுவாரா?"

கார்வின் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் கார்வினைப் பார்த்தார். குழந்தை தப்பாக எண்ணும்போது பெற்றோர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் முதல் தீர்மானம் இவ்வாறு பதிவானது: 'சங்கத்தின் கைகொடுக்கும் பணி, காலத்தின் தேவை கருதி, காதுகொடுக்கும் பணியாக விரிவாக்கப்படுகிறது.' பாட்காஸ்ட் ஒன்று தொடங்கப்படும். கைபேசிச் செயலி ஒன்றும் வரும். இனி சவாரி வேண்டுவோர் அதன் வழியாகவே வேண்டுவர்.

பாட்காஸ்டுக்குப் 'பக்கத்து இருக்கை' என்று பெயர் வைத்தார்கள். குரல் யாருடையது என்ற கேள்வி வந்தது. அம்மையார் மார்லிசிடம், "போன் எடுத்தா என்ன சொல்வீங்க, சொல்லுங்க," என்றார்.

"ஹலோ, சவாரிச் சங்கம்."

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவ."

"ஹலோ, சவாரிச் சங்கம்."

"பால் காய்ச்சி ஆறவச்ச மாதிரி ஒரு குரல்! இதப் போய் இத்தன வருஷம் ஒரு போனுக்குள்ள வச்சு வீணாக்கிட்டீங்களே!"

மார்லிசின் காது மடல் சூடானது. அவளுடைய குரலைப் பற்றி அவளிடம் கடைசியாகக் கருத்துச் சொன்னவர் காலஞ்சென்ற கணவர் டேல். அவர் சொன்னது, "சத்தத்தக் கொஞ்சம் கொற." அன்று மாலை அவள் வீட்டுக் குளியலறையில் நின்று, கண்ணாடியைப் பார்த்து, ஏழெட்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்தாள். மோசமில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது.

மார்லிசின் மேஜையை ஒட்டியிருந்த, தேவாலயப் பாடகர்களின் அங்கிகள் தொங்கும் அலமாரி அறையே ஒலிப்பதிவுக் கூடமானது. துணி எதிரொலியை விழுங்கும் என்றார் அம்மையார். சுவரிலிருந்த அட்டவணை கழற்றப்பட்டு, அங்கே பஞ்சுப் பலகை ஒட்டப்பட்டது. மிச்சமிருந்த ஒரே தொல்லை தொலைபேசி. மூன்றாவது பதிவின் நடுவில் அது வீறிட்டது. ஐந்தாவதிலும் வீறிட்டது. ஏழாவது பதிவுக்கு முன் மார்லிஸ் தானே குனிந்து, அதன் அடியிலிருந்த பொத்தானைத் தள்ளி, மணியின் வாயை அடைத்தாள். பதிவு முடிந்ததும் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அப்புறம் எட்டாவது பதிவு வந்தது, ஒன்பதாவது வந்தது.

வெற்றியைப் பற்றி என்ன சொல்வது! நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வருவதற்குள் நாலாயிரம் பேர் கேட்டார்கள். லிஸ்பனிலிருந்து ஒரு பெண்மணி, 'உங்கள் குரலைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது' என்று எழுதினாள். சாஸ்கடூனில் ஒரு பல் மருத்துவர் நோயாளியின் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே கேட்பதாகத் தெரிவித்தார். ஃபார்கோவிலிருந்த அக்கா, ஆறு வருடம் பேசாமல் இருந்தவள், கூப்பிட்டு, "நீதானாடி அது?" என்றாள். மார்லிஸ் அந்த வாரம் முழுக்க நல்ல ஸ்வெட்டராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனாள். அலமாரிக்குள் அவளை யாரும் பார்க்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

பயணிகளில் முதலில் பேட்டி காணப்பட்டவர் அர்விட் லாஹ்டி. வயது எழுபத்தொன்பது. இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். தனிக்கட்டை. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிசுக்குப் போக வேண்டியவர். அங்கிகளுக்கு நடுவே, முட்டி மடங்காத காலை அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மையார் எழுதிக்கொடுத்த கேள்விகளை மார்லிஸ் கேட்டாள்.

"முதல்முதலா எங்க கார்ல ஏறின அந்தக் கணத்துல என்ன உணர்ந்தீங்க, அர்விட்?"

"ஹீட்டர் ஓடல."

"அதுக்கும் உள்ள... மனசுக்குள்ள?"

"மனசுக்குள்ளயும் குளிர்தான்."

"வீட்டுல தனியா இருக்கும்போது, யாருமே இல்லியேன்னு..."

"யாரும் இல்லாததுதான்மா அந்த வீட்டுலயே நல்ல விஷயம். உனக்கு என்ன ஆச்சு? வழக்கமா நல்லாத்தானே பேசுவே?"

அம்மையார் இதைப் பக்குவமாக வெட்டி, ஒட்டி, அடியில் ஒரு பியானோவை ஓடவிட்டார். 'யாரும் இல்லாத... அந்த வீட்டுல... மனசுக்குள்ள குளிர்' என்று அது வெளியானது. கேட்டவர்கள் தேம்பினார்கள். ஒரே வாரத்தில் ஆதரவாளர் எண்ணிக்கை இரண்டு மடங்கானது.

செயலியும் தன் பங்குக்கு வளர்ந்தது. அதில் ஓர் இதயப் பொத்தான் இருந்தது. ஒரு நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டு, இதயத்தை அழுத்தினால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேர்ந்தால் 'வெள்ளி ஓட்டுநர்', 'பொன் ஓட்டுநர்' என்று பட்டங்கள் வரும். இதன் பலன் என்ன என்பது டிசம்பரில், சவாரிகள் குறைந்து வருவதைக் கவனித்த மார்லிஸ், பழைய வழக்கத்தில் கோர்டி மாக்கியைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது தெரிந்தது. கோர்டி அவளுடைய ஓட்டுநர்களிலேயே நம்பகமானவன். ஓய்வுபெற்ற தபால்காரன். பனிப்புயலிலும் வண்டியை எடுப்பவன்.

"மார்லிஸ்! இப்பதான் உன்னத்தான் கேட்டுட்டு இருக்கேன். அடடா, என்ன மாதிரி தொண்டு! கண்ணு கலங்கிப்போச்சு."

"அந்தத் தொண்ட நாளைக்கு ஒம்பது மணிக்கு நீ பண்ணணும், கோர்டி."

"பண்ணிட்டேனே! இந்த வாரம் மூணு நிகழ்ச்சி முழுசா கேட்டாச்சு. நேத்து எனக்குப் பொன் ஓட்டுநர் பட்டம் வந்திருக்கு, பாக்கலியா?"

"நீ கடைசியா எப்ப வண்டி ஓட்டினே?"

"ஓட்டறதா?" கோர்டி உண்மையாகவே யோசித்தான். "அக்டோபர்ல ஒரு தடவ. ஆனா பாரு, அப்பல்லாம் எனக்கு இவ்வளவு ஈடுபாடு இல்ல."

மார்லிஸ் இதைக் கார்வினிடம் சொன்னாள். கார்வின் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதில் ஒரு கோடு மேலே போனது, ஒரு கோடு கீழே வந்தது. கீழே வருவது சவாரி. "அது இயற்கைங்க, மார்லிஸ். ஈடுபாடு கூடும்போது ஏற்பாடு கொறையத்தான் செய்யும். மேல போற கோட்டப் பாருங்க!" மார்லிஸ் பார்த்தாள். மேலே போகிற கோட்டில் அவள் குரல் இருந்தது. அதனால் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் பனி கொட்டியது. புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் வேலைக்கு வந்தபோது கார்வினும் அம்மையாரும் பரபரப்பில் இருந்தார்கள்.

"இன்னிக்கு நேரலை," என்றார் கார்வின். "தலைப்பு: 'அர்விட் காத்திருக்கிறார்'. ஒம்பது மணிக்கு அவர் ஜன்னலோரமா போனோட உக்காந்திருப்பார். இங்கேருந்து நீங்க பேசறீங்க. பத்து மணிக்கு அவருக்கு ஆஸ்பத்திரில டைம். யாராவது வருவாங்களா, வரமாட்டாங்களா? பதினோராயிரம் பேர் மூச்சப் பிடிச்சுகிட்டுக் கேப்பாங்க!"

"வண்டி சொல்லியாச்சா?"

"பதினோராயிரம் பேர் கேக்கறாங்க, மார்லிஸ். அதுல ஒருத்தர்கூடவா வரமாட்டார்?"

அது நியாயமாகத்தான் பட்டது. இருபத்து மூன்று பேர் இருந்தபோதே யாராவது ஒருவர் வந்தாரே! மார்லிஸ் அலமாரிக்குள் போய் உட்கார்ந்து ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். அம்மையார் எதிரே, குறிப்பு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் ஆதரவாளர்கள் குவிந்தார்கள்.

"காலை வணக்கம், அர்விட். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது?"

"பனி."

"வேற?"

"பனிக்கு மேல பனி. வண்டி எதுவும் தெரியல." அவருக்கு மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது.

இதயங்கள் பறந்தன. லிஸ்பன் பெண்மணி, 'நானும் இங்கே என் ஜன்னலருகே அமர்ந்து உங்களோடு காத்திருக்கிறேன்' என்று எழுதினாள். பல் மருத்துவர் கும்பிடும் கைகளை அனுப்பினார். அவற்றுக்கு நடுவே ஒரு பெயர் மேலே மிதந்து வந்தது. கோர்டி மாக்கி. 'தைரியமா இருங்க அர்விட்! நாங்க இருக்கோம்!' பக்கத்தில் மூன்று இதயங்கள். கோர்டியின் வீடு அர்விட் வீட்டிலிருந்து நாலாவது தெரு.

ஒன்பது இருபத்தைந்து ஆனது.

"ஏம்மா," என்றார் அர்விட், "யாராவது வர்றாங்கன்னா நான் ஷூ போடப் பாக்கணும். அதுக்கு நேரமாகும். கால் ரெண்டும் பன்னு மாதிரி ஊதியிருக்கு, உள்ள போகல."

"ஏன் ஊதியிருக்கு?" அட்டையில் இல்லாத கேள்வி அது.

"திங்கக்கிழம போகலியே."

"திங்கக்கிழம ஏன் போகல?"

"இத்தன நாளா தானா வந்துட்டிருந்த டிரைவர் வரல. கூப்பிட்டேனேம்மா. அந்தப் புதுசு என்னவோ செல்போன்ல போடணுமாமே, எங்கிட்ட இருக்கறது சுவத்துல மாட்டின போனு. அதான் உனக்கே அடிச்சேன். பதினோரு தடவ. மணி போச்சு, போச்சு, நீ எடுக்கல. உனக்கு ஒடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன்."

அம்மையார் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். 'மௌனம். ஐந்து நொடி.' மௌனம் மிகச் சக்திவாய்ந்த ஒலி என்பது அவருடைய கொள்கை. மார்லிஸ் அட்டையைப் பார்க்கவில்லை. ஆனால் ஐந்து நொடியைவிட அதிகமாகவே கொடுத்தாள். அவள் கண், அலமாரிக்கு வெளியே, மேஜைமேல் மணி அடைத்துக் கிடந்த தொலைபேசியில் இருந்தது. அந்தப் பொத்தானைத் தள்ளியது கார்வின் அல்ல. அம்மையாரும் அல்ல.

அவள் எழுந்தாள். தலையில் மாட்டியிருந்த ஹெட்போனின் கம்பி இழுத்து, இரண்டு அங்கிகள் கீழே விழுந்தன.

"எங்க போறீங்க?" கார்வின் வாயசைத்துக் கேட்டார்.

"கார் எடுக்க."

"நேரலைல இருக்கோம்!" என்று கிசுகிசுத்தார் அம்மையார். "நீங்க போய்க் கூட்டிட்டு வந்துட்டா அவர் காத்திருக்க மாட்டாரே! தலைப்பே போயிடுமே!"

கதவு அறைந்து மூடியது. நிலவறை அதிர்ந்தது.

பாதி வழியில் அவள் கைபேசி இனிமையாக ஒலித்தது. 'அன்புள்ள மார்லிஸ், நீங்கள் கேட்பதை நிறுத்தி ஒன்பது நிமிடங்கள் ஆகின்றன. உங்களுக்கு எங்கள்மேல் அக்கறை குறைந்துவிட்டதா?' என்றது செயலி. அவள் அதைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, பனி உருக உப்புத் தூவாத சரிவில் வண்டியைக் கீழ்க்கியரில் இறக்கினாள்.

அர்விட் ஜன்னலருகே அப்படியே உட்கார்ந்திருந்தார். தொலைபேசி ரிசீவர் காதோடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அவளைக் கண்டதும் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, "யாரோ கார்வினாம். இன்னும் பத்து நிமிஷம் வெளிய போகாதீங்கன்னு சொல்றாரு. என்ன பண்ணட்டும்?" என்றார்.

மார்லிஸ் அதை வாங்கிச் சுவரில் மாட்டினாள். ஷூவுக்குப் பதிலாக இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையை மாட்டி, அதன்மேல் ரொட்டிக் கடைப் பைகளைச் சுற்றிக் கட்டி, அவரைத் தோளில் சாய்த்து, பன்னிரண்டு படி இறக்கி, முன் சீட்டைப் பின்னால் தள்ளி உட்காரவைத்தாள். அதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. அவளுக்கும்தான்.

இரண்டு தெரு தாண்டியபின் கேட்டார். "கடைசில எத்தன பேரு வர்றதா இருந்தாங்க?"

"யாரும் இல்ல. இதயம் அனுப்பினாங்க. ஆறாயிரத்துச் சொச்சம்."

அர்விட் தன் காலில் கட்டியிருந்த ரொட்டிக் கடைப் பைகளைப் பார்த்தார். "ஆறாயிரம் இதயம்! அதுல ஒருத்தனுக்குக்கூட ஒரு கிட்னி அனுப்பணும்னு தோணல பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, மூச்சு கிடைக்காமல் கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மார்லிஸ் அந்தப் பனியில் மிதிக்கக்கூடாத வேகத்துக்கு மிதித்தாள்.

சக்கர நாற்காலியோடு ஓடிவந்த நர்ஸ் அவர் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா இவர ஆம்புலன்ஸ்லதான் பாத்திருப்போம். அதுவும் சந்தேகம்தான். திங்கக்கிழம எங்க இருந்தார்?"

"வீட்டுலதான்," என்றாள் மார்லிஸ். "நாங்க ஒலிபரப்புல இருந்தோம்."

நாலு மணி நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் தூங்கினார். அவள் குரலை யாரும் கேட்கவில்லை. பேசினால்தானே?

மாலையில் சங்கத்துக்குத் திரும்பியபோது கார்வின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "மார்லிஸ்! அந்தக் கதவுச் சத்தம்! அந்த அங்கி விழற சத்தம்! நாடு முழுக்கப் பரவிட்டிருக்கு. வெள்ளிக்கிழம ரெண்டாம் பாகம். தலைப்பு: 'அவள் போய்விட்டாள்'."

"அவர் பொழச்சாரான்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"கேக்க மாட்டேன்!" கார்வின் காதைப் பொத்திக்கொண்டார். "வெள்ளிக்கிழம வரைக்கும் எனக்கே தெரியக்கூடாது. அப்பதான் என் வியப்பு இயல்பா வரும்."

மார்லிஸ் தன் காபிக் கோப்பையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். காலணி மாற்றிக்கொண்டாள். ஓட்டுநர்களின் எண்கள் சங்கத்தின் சொத்து, அவற்றை எடுத்துச் செல்ல அனுமதியில்லை என்று அம்மையார் நினைவூட்டினார்.

"எடுத்துட்டுப் போகல. பத்தொம்போது வருஷமா அந்த நம்பர அமுக்கின விரல் இது. இத இங்க விட்டுட்டுப் போகணும்னா சொல்லுங்க."

வீட்டுச் சமையலறையில் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து முதல் எண்ணை அழுத்தினாள்.

"மார்லிஸ்! இன்னிக்கு நிகழ்ச்சி இருக்கே, சும்மா..." என்று தொடங்கினான் கோர்டி.

"நாலு தெரு, கோர்டி."

"என்ன?"

"ஒன் வீட்டுக்கும் அர்விட் வீட்டுக்கும் நடுவுல நாலு தெரு. நீ அனுப்பின இதயம் வந்துச்சு. பேரோட வந்துச்சு."

மறுமுனையில் மௌனம். எந்த அட்டையும் காட்டாமலே வந்தது. பிறகு கோர்டி மெல்லிய குரலில், "யாராவது போவாங்கன்னு நெனச்சேன், மார்லிஸ். பதினோராயிரம் பேர் இருந்தோமே," என்றான்.

"ஆமா. நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவள் ஒரு தாளை இழுத்து அவன் பெயரை எழுதினாள். "வெள்ளிக்கிழம ஒம்பது மணி. போர்வை ஒண்ணு எடுத்துட்டுப் போ. ஷூ போட முடியாது."

"சரி."

"இதுக்கு பட்டம் எதுவும் வராது."

"சரின்னு சொல்லிட்டேன்ல? வை போன."

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பதினான்கு பேர் வண்டியை வெளியே எடுத்தார்கள். மற்றவர்கள் பட்டத்தை விட மனமில்லாமல் சங்கத்தோடே தங்கிவிட்டார்கள். மார்லிஸ் வீட்டுத் தொலைபேசியில் மணி அடித்தால் மார்லிஸ் எடுக்கிறாள் என்ற வதந்தி சரிவு முழுக்கப் பரவியது. முதியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சங்கத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. பயணி இல்லாவிட்டால் ஒலிப்பதிவு நின்றுவிடுமா என்ன? கார்வினும் அம்மையாரும் ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துக்கொண்டார்கள். வசந்த காலத்தில் மாநில அளவில் ஒரு விருது வந்தது. கோடையில் தேசிய அளவில் இன்னொன்று வந்தது.

அக்டோபரில் கார்வின் அவளைக் கூப்பிட்டார். குரலில் ஒரு குழைவு.

"மார்லிஸ், ஒரு சின்ன உதவி. உங்ககிட்ட நோயாளிங்க கொஞ்சம் அதிகமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஒருத்தர ஒரு நாளைக்கு அனுப்ப முடியுமா? ஆண்டு விழா நிகழ்ச்சிக்கு வேணும். நல்ல நிலையில திருப்பிக் கொடுத்துடறோம்."

"கூட்டிட்டுப் போக வண்டி அனுப்புவீங்களா?"

"வண்டியா?" கார்வின் திகைத்துவிட்டார். "அந்த வேலையெல்லாம் நாங்க எங்க பண்றோம்? நீங்கதானே பண்றீங்க! நீங்களே கொண்டுவந்து விட்டுட்டா..."

மார்லிஸ் என்ன பதில் சொன்னாள் என்பதை இங்கே அச்சிட இயலாது. பால் காய்ச்சி ஆறவைத்த குரலில்தான் சொன்னாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சங்கம் அதற்கெல்லாம் அசரவில்லை. அந்த ஆண்டின் அறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்திருக்கிறது. முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், ஒரே ஒரு வாக்கியம்: 'இந்த ஆண்டு எங்களிடம் உதவி கேட்டவர்களில் ஒருவர்கூடக் கைவிடப்படவில்லை.' பொறாமைக்காரர்கள் எதையும் சொல்லட்டும், அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. அந்தச் சங்கத்தைக் காதால் கேட்டவர்கள் நாற்பதாயிரம் பேர். வாயால் கேட்டவர் ஒருவரும் இல்லை.